நிலக்கரியை விட்ட இலக்கும் 50 ஜிகாவாட் இலக்கும்: டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஐரோப்பாவின் பெரிய எரிசக்தி, போக்குவரத்து, தொழில்நுட்ப நிறுவனங்கள் எல்லாமே இன்று ஏதாவது ஓர் ஆண்டைக் குறித்து வைத்திருக்கின்றன. 2030, 2040, 2050. அதற்குள் கரியமில உமிழ்வை இவ்வளவு குறைப்போம் என்கின்றன. இதில் சொன்ன காலத்துக்கு வெகு முன்பே முடித்துக் காட்டியது யார் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது டென்மார்க்கின் எரிசக்தி நிறுவனமான ஓர்ஸ்டெட். நிலக்கரி, எண்ணெய், வாயுவை விட்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு மாற ஒரு தலைமுறை ஆகும் என்று 2009இல் சொன்ன வேலையை அது பத்தே ஆண்டில் செய்தது. அதே நிறுவனம் 2021இல் அறிவித்த இன்னொரு பெரிய இலக்கு, 2030க்குள் 50 ஜிகாவாட் புதுப்பிக்கத்தக்கத் திறன் என்பது, நான்கு ஆண்டுகூட நிற்கவில்லை.

தொழில் ஒன்றுதான். பெரும்பான்மைப் பங்கு இரண்டு காலத்திலும் டென்மார்க் அரசிடம்தான் இருந்தது; இன்றும் 50.1 சதவீதம். அப்படியிருக்க ஒன்று நிறைவேறி மற்றது உடைந்தது எதனால்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இலக்கு நிறுவனத்தின் சொந்தக் கொதிகலன்களைப் பற்றியது. எந்த ஊர், எந்த அலகு, எந்த ஆண்டு நிறுத்தம் என்று விரல் வைத்துக் காட்டலாம். இரண்டாவது இலக்கு வட்டி விகிதம், பிறருடைய கப்பல், பிற நாட்டு அரசு, இன்னும் கிடைக்காத ஏலங்கள் ஆகியவற்றைப் பற்றியது. இரண்டையும் ஒரே பசுமைத் தலைப்பின் கீழ் வாசித்ததில்தான் முதலீட்டாளர்களும் பத்திரிகைகளும் ஏமாந்தன.

தொடக்கம்: வாயு, எண்ணெய், நிலக்கரி

1972இல் டென்மார்க் அரசு ஓர் இயற்கை வாயு நிறுவனத்தைத் தொடங்கியது. டோங் என்பது அதன் சுருக்கப் பெயர், இன்றைய ஓர்ஸ்டெட் அதுதான். வட கடல் எண்ணெயும் வாயுவும்தான் அதன் பிழைப்பு. 2006இல் அது ஐந்து மின் நிறுவனங்களோடு இணைந்து டோங் எனர்ஜி ஆனபோது அவெடோர, அஸ்னெஸ், ஸ்டுட்ஸ்ட்ரப், எஸ்பியர் போன்ற அனல் மின் நிலையங்கள் அதன் கைக்கு வந்தன. அந்த ஓர் ஆண்டில் எரித்த நிலக்கரி 62 லட்சம் டன். டென்மார்க்கின் மொத்தக் கரியமில உமிழ்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தன்னுடையதாக இருந்தது என்று நிறுவனமே பிற்பாடு எழுதியிருக்கிறது.

இணைப்பில் இன்னொன்றும் கூடவே வந்தது. அப்போது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. 1991இல் லோலாண்ட் தீவுக்கு அருகே, விண்டபி என்ற இடத்தில் கடலில் நட்ட 11 காற்றாலைகள். உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை அதுதான். ஒவ்வொன்றும் 450 கிலோவாட், எல்லாம் சேர்ந்தும் 5 மெகாவாட் இல்லை. இன்று இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஓடும் ஹார்ன்சீ 2 பண்ணையில் ஒற்றைக் காற்றாலையே 8 மெகாவாட்.

2008 வாக்கில்கூட டோங் புது நிலக்கரி நிலையம் கட்டத்தான் திட்டமிட்டிருந்தது. ஜெர்மனியின் வடகிழக்கில், பால்டிக் கரையோரமுள்ள லுப்மினில் 1,600 மெகாவாட். உள்ளூர் மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அரசியல் ஆதரவும் கரைந்தது. 2009 டிசம்பரில், கோபன்ஹேகனில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்த அதே மாதத்தில், திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில்தான் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஆண்டர்ஸ் எல்ட்ரப் 85/15 என்ற கொள்கையை அறிவித்தார். அன்று உற்பத்தியில் 85 சதவீதம் புதைபடிவ எரிபொருளிலிருந்து, 15 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதிலிருந்து. ஒரு தலைமுறைக்குள், அதாவது 2040 வாக்கில், இதைத் தலைகீழாக்குவோம் என்றார். 2019இல் புதுப்பிக்கத்தக்க பங்கு 86 சதவீதம் ஆகிவிட்டது.

கொதிகலனுக்குள் நடந்தது

இந்தக் கதையைச் சொல்லும் எல்லோரும் காற்றாலைக்கே ஓடிவிடுகிறார்கள். நிலக்கரி முதலில் வெளியேறியது பழைய கொதிகலன்களிலிருந்து. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

டென்மார்க்கின் அனல் நிலையங்கள் மின்சாரத்தோடு வெந்நீரும் தருகின்றன. மின்சாரம் எடுத்த பிறகு மிஞ்சும் வெப்பத்தை நீரில் ஏற்றி, மண்ணுக்கடியில் ஓடும் குழாய்கள் வழியாக கோபன்ஹேகன், ஆர்ஹூஸ் போன்ற நகரங்களின் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஆகவே நிலையத்தை ஒரே நாளில் மூட முடியாது. குளிர்காலத்தில் ஊரே உறைந்துவிடும். எரிபொருளை மட்டும்தான் மாற்ற முடியும்.

நிலக்கரிக்குப் பதிலாக மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை, பெல்லட் என்பார்களே அதை, எரிக்கத் தொடங்கினார்கள். நிலக்கரியை அரைத்துப் பொடியாக்கி அடுப்புக்குள் ஊதிய அதே முறையில் பெல்லட்டையும் ஊதலாம். கொதிகலன், டர்பைன், ஊருக்குப் போகும் குழாய் எல்லாம் பெரும்பாலும் பழையதே. ஆனால் சேமிப்பது வேறு கதை. நிலக்கரி திறந்த வெளியில் மழையில் கிடக்கும். பெல்லட் நனைந்தால் ஊதிக் கூழாகிவிடும், அதனால் மூடிய கோபுரக் கிடங்குகள் வேண்டும். உள்ளே குவியல் தானாகச் சூடேறும், தூசி வெடிக்கும் தன்மை கொண்டது. 2022 இலையுதிர் காலத்தில் ஸ்டுட்ஸ்ட்ரப்பின் பெல்லட் கிடங்கில் பற்றிய தீ வாரக்கணக்கில் அணையவில்லை.

இந்த மாற்றத்துக்குச் செலவு செய்ய யார் முன்வந்தார்கள்? இங்கேதான் வரிச் சட்டம் வருகிறது. வெப்பத்துக்காக நிலக்கரியோ வாயுவோ எரித்தால் டென்மார்க்கில் வரி, மர எரிபொருளுக்கு வரி இல்லை. 2012இல் கட்சிகளுக்கிடையே ஏற்பட்ட எரிசக்தி உடன்பாட்டின்படி, அந்த வரி மிச்சத்தை மின் நிலையமும் நகர வெப்ப நிறுவனமும் தங்களுக்குள் பேசிப் பகிர்ந்துகொள்ள வழி பிறந்தது. சரி, அப்புறம் என்ன? நகர வெப்ப நிறுவனங்கள் நீண்ட கால ஒப்பந்தம் போட்டன. ஸ்டுட்ஸ்ட்ரப்பின் 3ஆம் அலகு 2016இல் பெல்லட்டுக்கு மாறியது. கலுண்ட்போரில் உள்ள அஸ்னெஸ் மரச்சில்லுக்கு மாறியது. அதன் நீராவி பக்கத்திலேயே இருக்கும் நோவோ நார்டிஸ்க் மருந்து ஆலைக்கும் போகிறது.

வாங்குபவர் யார், இயந்திரம் எது, வரிச் சலுகை எவ்வளவு, கடைசி நாள் எது என்று எல்லாமே ஒரு கூட்ட அறையில் உட்கார்ந்து பேசி முடிக்கக்கூடியவை. இந்த இலக்கு நிறைவேறியதற்கு நான் முதல் காரணமாகச் சொல்வது இதையே.

பணமில்லாத காலம்

இலக்கு அறிவித்த மூன்றாம் ஆண்டே நிறுவனம் தடுமாறியது. அமெரிக்காவில் பாறை அடுக்குகளிலிருந்து எடுக்கும் ஷேல் வாயு பெருகியதால் அங்கு வேண்டாத நிலக்கரி மலிவாக ஐரோப்பாவுக்கு வந்தது. டோங் கட்டிய வாயு மின் நிலையங்கள் போட்டியில் நிற்க முடியாமல் நஷ்டத்தில் விழுந்தன. எல்ட்ரப் ஊதிய விவகாரம் ஒன்றில் 2012 மார்ச்சில் பதவி இழந்தார். கடன் தர மதிப்பீட்டு நிறுவனமான எஸ் அண்ட் பி டோங்கின் கடன் தரத்தைக் குறைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஹென்ரிக் பவுல்சன் பொறுப்பேற்றார்.

அவர் செய்தது எளிதாகச் சொல்லக்கூடியது, செய்வது கடினம். பல தொழில்களை விற்றுவிட்டு கடல் காற்றாலையில் பணத்தைக் குவித்தார். ஒரு மெகாவாட் மணி மின்சாரத்தை 2020க்குள் 100 யூரோவுக்குக் கீழே கொண்டுவருவோம் என்ற இலக்கை வைத்தார்கள். 2009லேயே சீமென்ஸிடம் 500 காற்றாலைகள் வரை வாங்க ஒப்பந்தம் போட்டிருந்ததால் ஒரே மாதிரி இயந்திரத்தைத் திரும்பத் திரும்ப நட்டுக் கைப்பழக்கம் வந்திருந்தது. பண்ணையைக் கட்டி அதில் பாதியை ஓய்வூதிய நிதியங்களுக்கு விற்று, வந்த பணத்தில் அடுத்த பண்ணையைத் தொடங்கும் பழக்கமும் அப்போது உருவானது. டென்மார்க்கின் 400 மெகாவாட் ஆன்ஹோல்ட் பண்ணையில் பாதி அப்படித்தான் பென்ஷன்டென்மார்க், பிகேஏ நிதியங்களுக்குப் போனது. 2016இல் நெதர்லாந்தின் போர்செல கடல் காற்றாலை ஏலத்தில் ஒரு மெகாவாட் மணியை 72.7 யூரோவுக்குத் தருவதாகச் சொல்லி வென்றபோது 100 யூரோ இலக்கும் நாலு ஆண்டு முன்கூட்டியே முடிந்தது.

இடையில் 2014இல் கோல்ட்மேன் சாக்ஸ் 800 கோடி டேனிஷ் குரோனர் போட்டு ஏறக்குறைய 18 சதவீதம் வாங்கியது பெரிய அரசியல் புயலானது. மக்கள் சொத்தை அமெரிக்க வங்கிக்கு மலிவாக விற்கிறார்கள் என்று கொந்தளிப்பு எழுந்தது. கூட்டணியிலிருந்த சோசலிச மக்கள் கட்சி அரசைவிட்டே வெளியேறியது. அப்போது நிறுவனத்துக்குப் போட்ட மதிப்பு சுமார் 3,150 கோடி குரோனர். 2016 ஜூனில் பங்குச் சந்தைக்கு வந்தபோது 9,800 கோடி. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பணம் வராமலிருந்தால் காற்றாலைத் திட்டங்கள் நின்றுபோயிருக்கும் என்பதும் உண்மை.

2017இல் மூன்று அறிவிப்புகள் வந்தன. 2023க்குள் நிலக்கரியை முற்றாக நிறுத்துவோம் என்பது பிப்ரவரியில். எண்ணெய், வாயு வயல்களை இனியோஸ் நிறுவனத்துக்கு விற்கிறோம் என்பது மே மாதத்தில். நவம்பரில் பெயர் மாற்றம். எண்ணெயும் வாயுவும் போன பிறகு பழைய பெயருக்குப் பொருளில்லை. மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகே காந்த ஊசி விலகுவதை 1820இல் கண்டறிந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட்டின் பெயரை வைத்துக்கொண்டார்கள். பள்ளியில் நாம் எல்லோரும் செய்த சோதனைதான் அது.

அந்த 86 சதவீதத்துக்குள் இருப்பது

2020 ஜனவரியில் கார்ப்பரேட் நைட்ஸ் இதழ் சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் நீடித்து நடக்கும் நிறுவனங்களின் உலகப் பட்டியலில் ஓர்ஸ்டெட்டை முதலிடத்தில் வைத்தது. பாராட்டுக்குத் தகுதி உண்டு. இருந்தாலும் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் மூன்று இடங்களில் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலாவது மரம். ஓர் அலகு வெப்பத்துக்குப் புகைபோக்கியில் அளந்தால் மரம் விடும் கரியமில வாயு நிலக்கரியைவிடக் குறைவில்லை. சர்வதேசக் கணக்கு முறையில் மரம் வெட்டிய இடத்தில், நிலப் பயன்பாட்டுக் கணக்கில், அந்த இழப்பு எழுதப்படுகிறது. அதனால் எரிக்கும் இடத்தில் பூஜ்யம். வெட்டிய காடு திரும்ப வளர்ந்தால் கணக்கு நேராகும், ஆனால் அதற்குப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் பிடிக்கும். ஓர்ஸ்டெட் சான்றளித்த மரத்தையே வாங்குவதாகச் சொல்கிறது, மரஅறுவை ஆலைக் கழிவும் அதில் நிறைய. அப்படியும் காற்றாலை மின்சாரத்தையும் பெல்லட் வெப்பத்தையும் ஒரே ‘பசுமை’ப் பெட்டியில் போட்டுக் கூட்டுவது சரியில்லை. தனித்தனியாகக் காட்டினால் வாசிப்பவருக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது விற்பனை. நிலக்கரிக் கொதிகலன் நின்றால் உமிழ்வும் நிற்கிறது. எண்ணெய் வயலை இனியோஸுக்கு விற்றால் வயல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பெயர்ப் பலகைதான் மாறும்.

மூன்றாவது எளிதில் கண்ணில் படாதது. அந்த சதவீதம் நிறுவனம் ‘உற்பத்தி’ செய்ததைப் பற்றியது மட்டும். வாங்கி விற்ற இயற்கை வாயு அதில் வராது. ரஷ்யாவின் காஸ்ப்ரோமோடு 2030 வரை நீளும் கொள்முதல் ஒப்பந்தம் இருந்தது, வாங்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டிய வகை. விற்ற வாயுவை வாடிக்கையாளர்கள் எரிப்பதால் வரும் உமிழ்வு ஸ்கோப் 3 கணக்கில், அதாவது நிறுவனத்துக்கு வெளியே அதன் விநியோகச் சங்கிலியிலும் வாடிக்கையாளரிடமும் நடக்கும் உமிழ்வின் கணக்கில், எழுதப்பட்டது. அந்தக் கணக்கில் மிகப் பெரிய பகுதியே அதுதான். 2022இல் ரூபிளில் பணம் கேட்டது காஸ்ப்ரோம், ஓர்ஸ்டெட் மறுத்தது, ஜூன் 1 அன்று விநியோகம் நின்றது. ஒரு நிறுவனத்தின் காலநிலைக் கணக்கில் பெரிய வரி ஒன்று உக்ரைன் போரினாலும் புவி அரசியலாலும் சுருங்கியிருக்கிறது என்பதை வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே போர் எதிர்த் திசையிலும் தள்ளியது. 2023இல் நிலக்கரியை நிறுத்தும் நேரம் நெருங்கியபோது, 2022 அக்டோபரில் டென்மார்க் அரசு, எஸ்பியரிலும் ஸ்டுட்ஸ்ட்ரப்பிலும் நிலக்கரி அலகுகளையும் குண்ட்பியில் எண்ணெய் அலகு ஒன்றையும் 2024 ஜூன் 30 வரை இயக்கத்தில் வைத்திருக்கச் சொல்லி உத்தரவிட்டது. மின் தட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற பயம். கடைசியில் எஸ்பியர் நிலையம் 2024 ஆகஸ்டில் நின்றது. ஓராண்டுக்கு மேல் தாமதம், ஆனாலும் நடந்தது. எந்த அலகு, யார் உத்தரவு, என்று முடியும் என்று எல்லாம் வெளியே தெரிந்திருந்ததால் இந்தத் தாமதம் இலக்கை உடைக்கவில்லை.

50 ஜிகாவாட்

2021 ஜனவரியில் மாட்ஸ் நிப்பர் தலைமைக்கு வந்தார். அந்த ஆண்டு ஜூனில் முதலீட்டாளர் கூட்டத்தில் அறிவித்தது: 2030க்குள் 50 ஜிகாவாட் புதுப்பிக்கத்தக்கத் திறன், 2027 வரை 35,000 கோடி குரோனர் முதலீடு. அன்றைக்கு நிறுவியிருந்தது அதில் நாலில் ஒரு பங்கு அளவுதான்.

இது நிறைவேறாமல் போன காரணம் ஏலத்தின் உள்ளமைப்பில் இருக்கிறது. காற்றாலைக்கு எரிபொருள் செலவு இல்லை. ஏறக்குறைய முழுச் செலவும் கட்டும்போதே. ஆக, வட்டிதான் அதன் எரிபொருள். ஏலத்தில் விலையை இன்று ஒப்புக்கொள்கிறோம், இரும்பும் கப்பலும் கடனும் வாங்குவது இரண்டு மூன்று ஆண்டு கழித்து. வட்டியும் பொருள் விலையும் இறங்கிக்கொண்டிருந்த பத்தாண்டில் இந்த இடைவெளி நிறுவனத்துக்குச் சாதகம். பிரிட்டன் அரசு உறுதியளித்த விலையைப் பாருங்கள், எல்லாம் 2012 விலைவாசிக் கணக்கில்: ஹார்ன்சீ 1க்கு ஒரு மெகாவாட் மணிக்கு 140 பவுண்டு, ஹார்ன்சீ 2க்கு 57.50, 2022 ஜூலையில் ஹார்ன்சீ 3க்கு 37.35. இந்தக் கோடு இறங்கிக்கொண்டே போகும் என்று நம்பித்தான் 50 என்ற எண் எழுதப்பட்டது.

2022இல் வட்டி ஏறத் தொடங்கியது. இடி முதலில் விழுந்த இடம் அமெரிக்கா. நியூ ஜெர்சி மாநிலம் 2019இல் ஓஷன் விண்ட் 1 என்ற கடல் காற்றாலைத் திட்டத்தைக் கொடுத்திருந்தது. பணவீக்கம் ஏறினால் விலையையும் ஏற்றித் தரும் ஏற்பாடு அதில் இல்லை. அடித்தளம் நடும் கப்பல் தாமதம், எதிர்பார்த்த கூடுதல் வரிச் சலுகை கிடைக்குமா என்ற சந்தேகம், வட்டி என மூன்றும் சேர்ந்தன. 2023 நவம்பர் 1ஆம் தேதி வாக்கில் ஓஷன் விண்ட் 1, 2 இரண்டும் ரத்து. ஒன்பது மாதக் கணக்கில் 2,840 கோடி குரோனர் மதிப்பிழப்பு. பங்கு விலை ஒரே நாளில் சுமார் கால் பங்கு சரிந்தது.

2024 பிப்ரவரியில் இலக்கு 35 முதல் 38 ஜிகாவாட் ஆனது, பங்காதாயம் நிறுத்தப்பட்டது, நார்வே, ஸ்பெயின், போர்ச்சுகல் சந்தைகளிலிருந்து விலகினார்கள். 2025 ஜனவரி கடைசியில் நிப்பர் போனார், ராஸ்மஸ் எர்போ வந்தார். பிப்ரவரியில் அந்த 35–38கூட இலக்குப் பட்டியலில் இல்லை. மே மாதம் 2.4 ஜிகாவாட் ஹார்ன்சீ 4 நிறுத்தம். அதற்கு ஏலத்தில் கிடைத்திருந்த விலை 58.87 பவுண்டு, ஹார்ன்சீ 3ஐவிட எவ்வளவோ மேல். அதுவும் கட்டவில்லை. விலகும் செலவே 350 முதல் 450 கோடி குரோனர்.

பாதியை விற்று அடுத்ததைக் கட்டும் பழைய வழியும் அடைபட்டது. கடல் காற்றாலைக்கு டிரம்ப் அரசு காட்டிய எதிர்ப்பால் நியூயார்க்கின் சன்ரைஸ் விண்ட் பண்ணையின் பங்கை நல்ல விலைக்கு வாங்க ஆளில்லை. 2025 ஆகஸ்டில் ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களிடமே 6,000 கோடி குரோனர் புதுப்பங்கு மூலம் கேட்க வேண்டிய நிலை. அந்த அறிவிப்பின் சூடு ஆறுவதற்குள், ஆகஸ்ட் 22 அன்று, ரோட் ஐலண்ட் கடலில் 80 சதவீதம் முடிந்திருந்த ரெவல்யூஷன் விண்ட் பண்ணையின் வேலையை நிறுத்தச் சொல்லி அமெரிக்க உள்துறை உத்தரவிட்டது. 65 காற்றாலைகளில் 45 நட்டாகிவிட்டிருந்தன. ஒரு மாதம் கழித்து நீதிமன்றம் தடையை விலக்கியது. அக்டோபரில் 2027க்குள் சுமார் 2,000 வேலைகளைக் குறைப்பதாக நிறுவனம் சொன்னது. கால் பங்கு ஆட்கள். மேலிடத்தில் கணக்குப் போட்டவர்களுக்குப் பதில் கப்பலிலும் கட்டுமானத் தளத்திலும் நின்றவர்கள் விலை கொடுக்கிறார்கள். எனக்கு இது மனதை உறுத்துகிறது.

கப்பல் எரிபொருளிலும் இதே கதைதான். ஸ்வீடனின் ஊர்ன்ஷெல்ட்ஸ்விக்கில் ஆண்டுக்கு 50,000 டன் பசுமை மெத்தனால் தயாரிக்கும் ஆலையை 2023 மேயில் கட்டத் தொடங்கினார்கள். கப்பல் நிறுவனங்களுக்கும் நிகர பூஜ்ய இலக்குகள், அதாவது வெளிவிடும் அளவும் அகற்றும் அளவும் சமமாகும் இலக்குகள், இருக்கின்றன. டென்மார்க்கின் மெர்ஸ்க் 2040 என்கிறது. ஆனால் கட்டுப்படியாகும் விலைக்கு நீண்ட கால ஒப்பந்தம் போட வாங்குபவர்கள் வரவில்லை. 2024 ஆகஸ்டில் வேலை நின்றது. ஸ்டுட்ஸ்ட்ரப் கொதிகலனுக்கு ஆர்ஹூஸ் நகரம் போட்டுக் கொடுத்ததைப் போன்ற ஒப்பந்தம் ஒன்று இங்கே இல்லை.

இதில் என் கருத்து: 50 ஜிகாவாட் என்பது வியாபார வளர்ச்சிக் கணிப்பு. அதை உமிழ்வுக் குறைப்பு வாக்குறுதியோடு ஒட்டவைத்ததால், வளர்ச்சி தவறியபோது பசுமையே தோற்றுவிட்டது என்ற பேச்சு கிளம்பியது. எண்ணெய் நிறுவனங்களான ஷெல் 2024இலும் பிபி 2025இலும் தங்கள் காலநிலை இலக்குகளைத் தளர்த்தியபோது அந்தப் பேச்சு அவர்களுக்கு நன்றாகவே உதவியது. ஓர்ஸ்டெட் நிலக்கரிக்குத் திரும்பவில்லை. நின்ற கொதிகலன் நின்றதுதான்.

இனிப் பார்க்க வேண்டியவை

2040க்குள் விநியோகச் சங்கிலி உட்பட நிகர பூஜ்யம் என்ற இலக்கு மிச்சமிருக்கிறது. நிறுவனங்களின் காலநிலை இலக்குகளை அறிவியல் அளவுகோலில் சோதிக்கும் எஸ்பிடிஐ அமைப்பு 2021இல் அதைச் சரிபார்த்து ஏற்றது. கலுண்ட்போரின் அஸ்னெஸும் கோபன்ஹேகன் அருகேயுள்ள அவெடோரவும் வெளிவிடும் வாயுவிலிருந்து ஆண்டுக்கு 4.3 லட்சம் டன் கரியமில வாயுவைப் பிடித்து, நார்வே கடலுக்கடியில் புதைக்கும் வேலைக்கு டென்மார்க் அரசு 20 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது. அந்த அகற்றலுக்கான சான்றுகளில் ஒரு பகுதியை மைக்ரோசாஃப்ட் வாங்குகிறது. விற்ற சான்றை ஓர்ஸ்டெட் தன் கணக்கிலும் சேர்க்கிறதா என்று ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் பார்க்க வேண்டும்.

அதைவிடக் கடினம் இரும்பு. காற்றாலையைத் தாங்கக் கடலடியில் நடும் ஒற்றைக் குழாய்த் தூண் ஒன்று ஆயிரம் டன்னைக்கூடத் தாண்டும். அதன் உருக்கு இன்னும் பெரும்பாலும் நிலக்கரிக் கல்கரியில்தான் உருகுகிறது. ஜெர்மனியின் டில்லிங்கர் ஆலையோடு குறைந்த உமிழ்வு உருக்குக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். இப்போது கட்டிக்கொண்டிருக்கும் 2.9 ஜிகாவாட் ஹார்ன்சீ 3இன் பாதியை 2025 நவம்பரில் அப்போலோ நிறுவனத்துக்கு விற்க உடன்பாடு ஆகியிருக்கிறது. அந்தப் பண்ணைக்கு எத்தனை டன் உருக்கு போனது, எந்த ஆலையிலிருந்து, ஒரு டன்னுக்கு எவ்வளவு கரியமில வாயு என்று மூன்று எண்களை வெளியிட்டால் போதும். 2009இல் கொதிகலன்களுக்கு இருந்த தெளிவு 2040 இலக்குக்கும் கிடைக்கும்.